மாட்சுவின் மறுப்பு செல்லாது

கோ பிங்-ஹுவாங்கின் அப்பாவைச் சிப்பி வளர்க்கும் தெப்பத்துக்கு வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. எண்பத்தொரு வயதில் அவராகவே போனார், ஈர மூங்கிலில் கால் வைத்தார், விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சியாயி நகரத்து ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஆபரேஷன் செய்தால் நடக்க வாய்ப்பிருக்கிறது, ஆனால் இதயம் பலவீனம், மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம் என்றார். செய்யாவிட்டால் என்று கேட்டதற்கு, படுத்த படுக்கைதான், நெஞ்சில் சளி கட்டும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்லவேண்டியதில்லை என்றார். எதுவானாலும் சீக்கிரம் முடிவெடுங்கள், தள்ளிப்போட்டால் எலும்பும் கெடும் ஆளும் கெடுவார் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

தைப்பெய் நகரத்தில் வேலை பார்க்கும் தம்பி, போனில், செய்துவிடு என்றான். தங்கை யூ-சியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் உடம்பில் கத்தி வைத்தால் இனி உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். கடைசியில் இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். நீதானே மூத்தவன், நீயே முடிவு செய் என்றார்கள். அதற்கு என்ன பொருள் என்று பிங்-ஹுவாங்குக்குத் தெரியும். எது நடந்தாலும் பழி அவன் தலையில்.

இப்படிப்பட்ட சங்கடங்களுக்கு அந்தக் கடற்கரை ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு. கடல்தாய் மாட்சுவின் சன்னதியில் மண்டியிட்டு, பிறை வடிவக் கட்டைகள் இரண்டைத் தரையில் போடவேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. ஒன்று தட்டைப் பக்கம் கீழாகக் குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்தால் அம்மன் சிரிக்கிறாள், கேள்வியை ஒழுங்காகக் கேள் என்று பொருள். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. அவள் சொல்லிவிட்டால் அப்புறம் வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லமுடியாது. கோபம் இருப்பவர்கள் அவளிடம் போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம். பெண்ணுக்கு மாப்பிள்ளை, பாகப்பிரிவினை, படகுக்குப் புது இன்ஜின் என்று ஊரின் வசவையெல்லாம் தலைமுறை தலைமுறையாக அவள்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆரஞ்சுப் பையோடு கோயிலுக்குப் போன பிங்-ஹுவாங்கை வாசலில் ஒரு நீலக் கூடாரம் வரவேற்றது. ‘நம்பிக்கை மற்றும் சடங்கு குறித்த அறிதிறன் ஆய்வு நிலையம்’ என்று பதாகை தொங்கியது. மனித மூளை ஏன் கண்ணுக்குத் தெரியாதவர்களை நம்புகிறது, பலன் இருக்கிறதா என்று பாராமல் ஏன் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று கண்டுபிடிப்பது அந்த நிலையத்தின் வேலை. கூடாரத்துக்குள், ஊதுபத்திப் புகையில் கண் சிவந்து, வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ருவோ-ஹான். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். அம்மனைப் பார்ப்பதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று பணிவாகச் சொன்னாள்.

“கடல்தாய் மாட்சு இருக்காங்கன்னு எவ்வளவு உறுதியா நம்புறீங்க ஐயா? ஒண்ணுன்னா சுத்தமா இல்ல, ஏழுன்னா முழுசா.”

“அவ இருக்காளா இல்லையான்னு கேக்க நான் வரல பொண்ணு. எங்கப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணலாமான்னு கேக்க வந்தேன்.”

“அது அடுத்த பகுதியில வரும். இப்ப எண் மட்டும் சொல்லுங்க.”

பிங்-ஹுவாங் யோசித்தான். ஊர் நடுவில் உட்கார்ந்திருப்பவள் இருக்கிறாளா என்று இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரா என்றும் கேட்டதில்லை. நடுவில் ஒரு எண்ணைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தால், நடுவில் இருந்தது நாலு. அவர்கள் பேச்சில் நாலு என்றாலும் சாவு என்றாலும் ஒரே ஓசை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எந்த மகன் வாய்திறந்து நாலு என்று சொல்வான். மூன்று போட்டுக்கொள் என்றான்.

அதனால் அவன் நம்பிக்கை குறைந்தோர் பிரிவில் சேர்க்கப்பட்டான். நம்பிக்கை மிகுந்தோர் சன்னதியின் வலப்பக்கம் போகலாம். குறைந்தோர் இடப்பக்கம், தூணுக்குப் பின்னால்.

ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தலையில் கம்பிகள் வைத்த ஒரு தொப்பியை மாட்டினார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை. தொப்பியின் பசை நெற்றியில் வழிந்தது. அவன் கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் லூவைத் தேடிப்பிடித்து, என்ன அண்ணே இதெல்லாம் என்று கேட்டான். லூ, மீன் ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்தவர். கூட்டம் இல்லாத இடத்திலும் கூட்டத்தில் பேசுவது போலவே பேசுவார்.

“தம்பி, அறிவியலுக்கும் அம்மனுக்கும் சண்டையே கெடையாது. அம்மன் பதில் சொல்றாங்க. இவங்க குறிச்சிக்கிறாங்க. நாங்க கூரைக்கு ஓடு மாத்துறோம். மூணு பேருக்கும் சந்தோஷம்.”

மூன்று பேரில் கேள்வி கேட்க வந்தவன் இல்லை என்பதை பிங்-ஹுவாங் கவனித்தான். ஆனால் அப்பாவின் நினைப்பில் அதை விட்டுவிட்டான். கோயிலின் பழைய கட்டைகளை எடுத்து அலமாரியில் பூட்டியிருந்தார்கள். நிலையம் தந்த புதுக் கட்டைகள் சிவப்பு வர்ணத்தில் பளபளத்தன.

அவன் மண்டியிட்டான். பெயர், ஊர், அப்பாவின் வயது, விழுந்த விதம் எல்லாம் அம்மனிடம் முறைப்படி சொன்னான். ஆபரேஷன் பண்ணலாமா தாயே என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டான். இரண்டும் குப்புற விழுந்தன. மறுப்பு. சரி, யூ-சியா சொன்னதுதான் சரி போலிருக்கிறது. உறுதிப்படுத்திக்கொள்வதற்காக, அப்படியானால் ஆபரேஷன் வேண்டாம்தானே என்று கேட்டுப் போட்டான். இரண்டும் குப்புற. மறுப்பு.

பிங்-ஹுவாங் கட்டைகளைப் பொறுக்கி எடுத்தான். செய்யவும் கூடாது, செய்யாமலிருக்கவும் கூடாது என்றால் என்னதான் செய்வது. கேள்வியில் பிழையா என்று கேட்டான். மறுப்பு. என்மேல் கோபமா என்று கேட்டான். மறுப்பு. கோபமில்லாமலா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டான். அதற்கும் மறுப்பு.

பக்கத்தில் நின்ற ருவோ-ஹான் ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொன்னாள். விரும்பினால் மறுபடியும் கேட்கலாம், விரும்பினால் நிறுத்திக்கொள்ளலாம்.

அவன் நிறுத்தவில்லை. போன வருஷம் அம்மனின் ஊர்வலத்துக்கு வராமல் சிப்பி அறுவடைக்குப் போனதைச் சொன்னான். கூரை நிதிக்கு ஒப்புக்கொண்டதைவிடக் குறைவாகக் கொடுத்ததைச் சொன்னான். கல்யாணத்துக்கு முன் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியதைச் சொன்னான். அதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒவ்வொன்றுக்கும் கட்டைகள் குப்புற விழுந்தன. தொப்பியின் விளக்குகள் பச்சையும் சிவப்புமாக மினுங்கின. ருவோ-ஹானின் குரல் ஒரு கட்டத்தில் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

கடைசியில் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. லூ கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மூலைக்கடையில் காப்பி வாங்கிக்கொள்ள ஒரு கூப்பன் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதும் யூ-சியா அழ ஆரம்பித்தாள். அம்மாவின் திதியில் நீ வாங்கிவந்த வாத்து பழசு, அப்போதே சொன்னேன் என்றாள். போனில் தம்பி, இருபத்தோராம் நூற்றாண்டில் மரக்கட்டையிடமா கேட்பது என்று திட்டிவிட்டு, சற்றுப் பொறுத்து, நிஜமாகவே எல்லாவற்றுக்குமா மறுப்பு வந்தது என்று மெல்லிய குரலில் கேட்டான். அதன்பின் அவனும் செய்துவிடு என்று சொல்வதை நிறுத்திக்கொண்டான். அப்படி எல்லாவற்றுக்கும் மறுப்பு வந்ததாக அந்த ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

முழுப் பன்றித்தலை வாங்கிப் படைத்தார்கள். காகிதப் பணம் எரித்தார்கள். மறுபடி கேட்கப் போனபோது, கூடாரத்தில் இருந்த வேறொரு பையன், உங்கள் பங்களிப்பு முடிந்துவிட்டது, ஒரு குடும்பத்துக்கு ஒருமுறைதான் என்று மறித்தான். பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போனார்கள். அங்கேயும் நீலக் கூடாரம் இருந்தது. நிலையம் கடற்கரை முழுவதையும் எடுத்திருந்தது.

டாக்டர் ஒவ்வொரு காலையும் வந்து கேட்டார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். யாரிடம் என்று டாக்டர் கேட்கவில்லை. அவரும் அந்த மாவட்டத்துக்காரர்தான். பெரியவர் மட்டும் இருமத் தொடங்கினார்.

பிறகு ஒருநாள் நிலையத்திலிருந்து போன் வந்தது. ஆய்வு முடிந்துவிட்டது, விளக்கக் கூட்டத்துக்கு நேரில் வரவேண்டும், பயணச் செலவு தரப்படும் என்றார்கள். அம்மனின் பதில் பற்றி ஏதாவது விளக்குவார்களோ என்று பிங்-ஹுவாங் முதல் பேருந்தைப் பிடித்தான்.

நிலையம் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஒரு கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறையை ஒட்டிப் பெரிய கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம், மூளையைப் படமெடுக்கும் ராட்சத இயந்திரம். அதன் உச்சியில் வரிசையாகப் பச்சை உறை போட்ட பொரிப் பொட்டலங்கள் நின்றன. உறையில் ‘சமர்த்து’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது என்ன என்று பிங்-ஹுவாங் விசாரித்தான். இயந்திரம் சமர்த்தாக ஓடுவதற்கு வைப்பது என்று காவலாளி சொன்னார். மஞ்சள் உறை வைத்தால் கோளாறு வரும், பச்சைதான் வைக்கவேண்டும். காலாவதித் தேதி தாண்டவிடக் கூடாது. யாரும் பசித்தாலும் அதைத் தின்றுவிடக் கூடாது. போன மாதம் ஒரு மாணவன் தெரியாமல் தின்றுவிட்டான், இயந்திரம் நின்றேவிட்டது, அவன் பட்டமேற்பு தள்ளிப்போய்விட்டது என்றார். இதுவும் ஆராய்ச்சியா என்று கேட்டான். இல்லை, பராமரிப்பு விதி என்றார் காவலாளி.

ருவோ-ஹான் அவனை ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போய், ஒரு விளக்கத்தை வாசித்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. மறுப்புப் பிரிவில் இருந்தவர்களுக்குத் தரப்பட்ட கட்டைகளின் தட்டைப் பக்கத்தை ஒட்டி உள்ளே ஈயம் வைக்கப்பட்டிருந்தது. எப்படிப் போட்டாலும் குப்புறத்தான் விழும். தெய்வம் தொடர்ந்து மறுக்கும்போது மனித மூளை என்ன செய்கிறது என்பதே ஆய்வின் நோக்கம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

பிங்-ஹுவாங்குக்குப் புரிய நேரம் பிடித்தது.

“அப்ப எங்கப்பாவுக்கு வேணாம்னு சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல ஐயா. அது ஆய்வு வடிவமைப்பு.”

“அந்த வடிவமைப்பு எந்த ரூம்ல இருக்கான்? கூப்புடு.”

ருவோ-ஹான் எழுந்து போனாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது என்பதை அவன் பார்த்தான், ஆனால் அப்போது அவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வந்தவர் நிலையத்தின் இயக்குநர், பேராசிரியர் யென் சுங்-லி. உயரமானவர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டேயிருப்பவர். அவர் பிங்-ஹுவாங்கின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். நம்பிக்கை குறைந்தோர் பிரிவிலேயே அதிக முறை கட்டை போட்டவர் நீங்கள்தான், உங்களைப் பார்க்கவேண்டும் என்று எத்தனை ஆவலாக இருந்தேன் தெரியுமா என்றார். பிங்-ஹுவாங் அப்பாவின் இடுப்பைச் சொன்னான், இருமலைச் சொன்னான், டாக்டர் காத்திருந்ததைச் சொன்னான். பேராசிரியர் வருத்தமாகத் தலையசைத்தார்.

“ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா பாருங்க, இடுப்பெலும்பு எங்க ஆய்வு எல்லைக்குள்ள வரல. நாங்க கழுத்துக்கு மேலதான் பாக்குறோம்.”

உண்மையான கட்டையில் ஒருமுறை கேட்க விடுங்கள், அது போதும், நான் போய்விடுகிறேன் என்றான் பிங்-ஹுவாங். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றார் பேராசிரியர். நல்லவேளையாக அன்றைக்குத்தான் குழு கூடுகிறது என்று அவரே கூட்டிப்போனார். தன் நிலையத்தில் எதையும் மூடிமறைப்பதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

நெறிமுறைக் குழு நீள மேஜையைச் சுற்றி உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தது. துணைவேந்தர் வந்து உட்காரும்வரை யாரும் உட்காரக் கூடாது. அவர் வந்தார். எல்லோரும் அவர் பக்கம் குனிந்தார்கள், பிறகு சுவரில் இருந்த நிறுவனரின் படத்தின் பக்கம் குனிந்தார்கள். அப்படியும் கூட்டம் தொடங்கவில்லை. பெயர்ப்பலகைகளில் இரண்டு இடம் மாறியிருந்தன. அவற்றை மாற்றி வைத்து, எல்லோரும் மறுபடி எழுந்து, மறுபடி குனிந்து உட்கார்ந்தார்கள். சென்ற கூட்டத்தின் நடவடிக்கை வாசிக்கப்பட்டது. சென்ற கூட்டத்தில் அதற்கு முந்தைய கூட்டத்தின் நடவடிக்கை வாசிக்கப்பட்டதாக அதில் இருந்தது. ஒருமனதாக ஏற்றார்கள். பிங்-ஹுவாங்குக்குத் தேநீர் வந்தது. குடிக்கலாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். துணைவேந்தர் குடித்த பிறகுதான் குடிக்கலாம் என்று பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார்.

பேராசிரியர் யென் பேசினார். மனிதர்கள் பலன் தராத செயல்களை, மாறாத வரிசையில், மேலுள்ள ஓர் அதிகாரத்தைத் திருப்திப்படுத்துவதற்காகத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், அதன் மூலம் தங்கள் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள், இந்த வேடிக்கையான பலவீனத்தை நாம்தான் முதன்முதலாகக் கடற்கரை மக்களிடம் அளந்திருக்கிறோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் துணைவேந்தர், அப்புறம் பதவி வரிசைப்படி மற்றவர்கள்.

பிறகு பிங்-ஹுவாங்கின் கோரிக்கை வந்தது. சட்ட உறுப்பினர், இவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். அவன், அப்பாவுக்காகப் போட்டேன், ஈயத்துக்குப் போடவில்லை என்றான். மருத்துவ உறுப்பினர், ஆய்வில் யாருக்கும் உடல் தீங்கு நேரவில்லை, தொப்பியின் பசையால் ஒருவருக்கு அரிப்பு ஏற்பட்டது, அவ்வளவுதான் என்றார். என் அப்பா படுத்துக் கிடக்கிறார் என்றான். அவர் பங்கேற்பாளர் இல்லையே என்றார் மருத்துவ உறுப்பினர். சமய உறுப்பினராக நியமிக்கப்பட்டிருந்த ஓய்வுபெற்ற துறைத்தலைவர், ஈயம் வைத்த கட்டையிலும் அம்மன் நினைத்தால் சம்மதம் சொல்லியிருக்க முடியுமல்லவா, சொல்லவில்லை என்றால் அதையும் ஒரு தரவாகக் கொள்ளலாமா என்று கேட்டார். அதன்மேல் நெடுநேரம் விவாதம் நடந்தது. அம்மனின் ஆற்றலைச் சோதிக்கத் தனி நிதி வேண்டும் என்று முடிந்தது.

கடைசியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட பங்கேற்பாளருக்குக் கிடைத்த மாட்சுவின் மறுப்புகள் யாவும் செல்லாது. செல்லாத மறுப்பைச் சம்மதமாகக் கருதவும் கூடாது.

“சரி, செல்லாது. நல்ல கட்டையக் குடுங்க, நான் கேட்டுக்கிறேன்” என்றான் பிங்-ஹுவாங்.

பேராசிரியர் யென் கண்ணாடியைக் கழற்றினார். “அதுதான் முடியாது. மறு ஆய்வு முடியுற வரைக்கும் கோயில் கட்டைகள் பூட்டித்தான் இருக்கும். புதுக் கட்டைகள வெச்சு நீங்க கேக்கமுடியாது, ஏன்னா உங்களுக்கு இப்ப உண்மை தெரியும். உண்மை தெரிஞ்சவங்கள நாங்க சேக்கறதில்ல. ஒரு தடவ ஏமாந்தவர மறுபடி ஏமாத்தக் கூடாது. அது எங்க அடிப்படை நெறி.”

துணைவேந்தர் தலையசைத்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். மறு ஆய்வு எதற்கு என்று அவன் கேட்டான். எதிர்பார்த்த முடிவு முதல் முறை வரவில்லை, இரண்டாவது முறையும் வரவில்லை, வரும்வரை செய்யவேண்டியிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் தாழ்ந்த குரலில் விளக்கினார்.

பிங்-ஹுவாங் தேநீர்க் கோப்பையை மேஜைமேல் வைத்தான். ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தான். போகலாமா என்றுதான் கேட்டான். துணைவேந்தர் முதலில் எழவேண்டும் என்றார்கள்.

பேருந்தில் ஊர்ப்பக்கம் திரும்பும்போது அவனுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததை வாசித்தாள். பேராசிரியர் கைகுலுக்கினார். குழு தேநீர் கொடுத்தது. ஒருவர்கூட அவனைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் யாரோ மடியில் கைவிட்டுப் பிடுங்கிக்கொண்டுபோன மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் யூ-சியா அப்பாவுக்குப் பால்மீன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பிங்-ஹுவாங் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்தான். ஆனால் களைப்பில் கட்டில் அருகிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஈயம், தொப்பி, பொரிப் பொட்டலம், குனிந்து நிமிர்ந்தது, செல்லாத மறுப்பு, கல்யாணத்துக்கு முந்தைய பெண் உட்பட.

அப்பா கஞ்சியை விழுங்கிவிட்டு இருமினார். இருமல் அடங்க நேரமானது.

“வெட்டச் சொல்லு” என்றார்.

“அப்பா, மயக்கத்துலேர்ந்து எழுந்திரிக்காம போனா?”

“போனா போறேன். இப்படி முதுகு அரிக்க அரிக்க எத்தன நாளு கெடக்குறது? நீங்க மூணு பேரும் ஏதோ முடிவு பண்ணிட்டீங்க, எனக்குப் பயந்து சொல்லாம இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்.”

அவரிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. இந்த இடத்தில் நிலையத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பதால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆபரேஷன் நடந்தது. சளியை வற்றவைத்துவிட்டுத்தான் செய்யமுடிந்தது, அதற்கே நாளாகிவிட்டது. பெரியவர் மயக்கத்திலிருந்து எழுந்தார். ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. முதல் இரண்டு நாளிலேயே சொல்லியிருந்தால் ஒருவேளை நன்றாகச் சேர்ந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். யார்மேலும் குற்றமாக அவர் சொல்லவில்லை. படத்தை வெளிச்சத்தில் காட்டித்தான் சொன்னார்.

குளிர்காலம் போனபின் ருவோ-ஹான் ஒருநாள் ஸ்கூட்டரில் வீடு தேடி வந்தாள். ஒரு பெட்டி அன்னாசி கேக் கொண்டுவந்திருந்தாள். நிலையத்தை விட்டுவிட்டதாகச் சொன்னாள். கட்டுரை வெளியாகிவிட்டது, நல்ல பெயர் வாங்கியிருக்கிறது, நிலையத்துக்கு இன்னும் ஒரு மாடி கட்டப்போகிறார்கள் என்றாள். என்னைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பிங்-ஹுவாங் கேட்டான். அவள் கேக் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“உங்களச் சேக்கல ஐயா. நம்பிக்கை குறைஞ்சவங்க மறுப்பு வந்ததும் சீக்கிரம் நிறுத்திடுவாங்கங்கறதுதான் முடிவு. நீங்க மட்டும் நிறுத்தாம போட்டுக்கிட்டே இருந்தீங்க. உங்களச் சேத்தா முடிவு வரல. அதனால விதிவிலக்குன்னு எடுத்துட்டாங்க.”

அவன் முற்றத்தில் சிப்பி உரிக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எடுத்துவிட்டார்கள் என்றால் அன்றைக்கு நான் கோயிலுக்கே போகவில்லை என்று அர்த்தமா என்று கேட்டான். கட்டுரையைப் பொறுத்தவரை அப்படித்தான் என்றாள். அப்புறம் அவள் மன்னித்துவிடுங்கள் என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவன் சொன்னான்.

மாட்சுவின் பிறந்தநாள் வந்தது. யூ-சியா விடவில்லை, அப்பா பிழைத்ததற்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும் என்றாள். தம்பியும் குடும்பத்தோடு வந்திருந்தான். கோயிலில் கூடாரம் இல்லை. கூரையில் புது ஓடு மினுங்கியது, வாசல் தூணில் நிலையத்தின் பெயர் பொறித்த பளிங்குக் கல் இருந்தது. பழைய கட்டைகள் அலமாரியிலிருந்து வெளியே வந்து பீடத்தில் கிடந்தன. தலைவர் லூ எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: கட்டை எல்லாம் பழசுதான், தாராளமாகக் கேளுங்கள்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் சன்னதி வரை தள்ளிப்போனார்கள். அவர் ஊதுபத்தியைக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, அடுத்த வாரம் முதல் தெப்பத்துக்கு வருவேன் என்றார். ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன், நடந்தால்தானே விழுவேன் என்றார். யூ-சியா கூடாது என்றாள். தம்பி, பாவம் போகட்டுமே, வீட்டுக்குள்ளேயே எத்தனை நாள் இருப்பார் என்றான். குரல்கள் ஏறின. பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் யூ-சியா, அம்மனிடமே கேட்டுவிடலாம், அவள் சொல்கிறபடி செய்யலாம் என்றாள். அப்பாவும் சரி என்றார். தம்பியும் சரி என்றான். எல்லோரும் மூத்தவனைப் பார்த்தார்கள்.

பிங்-ஹுவாங் மண்டியிட்டுக் கட்டைகளைக் கையில் எடுத்தான். மரம் வழவழப்பாக, லேசாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். பெயரையும் ஊரையும் சொல்ல வாயெடுத்தான். அம்மனின் முகம் புகையில் மறைந்து தெரிந்தது. சம்மதம் என்று விழுந்தாலும் மறுப்பு என்று விழுந்தாலும், இதைச் சொன்னது யார் என்று தன் மனசு ஒவ்வொரு முறையும் கேட்கப்போகிறது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளிடம் கேட்பது எப்படி என்று நேற்றுவரை கைக்குத் தெரிந்திருந்தது. இப்போது கைக்குத் தெரியவில்லை.

கட்டைகளைப் பீடத்தில் திரும்ப வைத்தான். எழுந்தான். அப்பாவின் முன்னால் வந்து நின்றான்.

“தெப்பத்துக்கு வரக்கூடாது நீங்க.”

“யாரு சொன்னா?” என்றார் அப்பா.

“நான் சொல்றேன்.”

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பத்தைந்து வருஷத்தில் அந்த மகன் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தம்பி, யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய் என்று எகிறினான். கூடாது என்று முதலில் சொன்ன யூ-சியாவே, அப்பாவிடம் பேசுகிற பேச்சா இது என்று அண்ணன்மேல் பாய்ந்தாள். பிங்-ஹுவாங் நாற்காலியைப் பிடித்து, ஊர்வலத்துக்குக் கூடியிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேன் நிற்கும் இடத்துக்குத் தள்ளிப்போனான். பட்டாசுச் சத்தம் காதைப் பிளந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, சிப்பி அறுவடை முடியும்வரை அவர் மூத்த மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.